ஏழரைப் புள்ளியின் விலை

கேள்வி: நியூஜெர்சியில், எடிசனில் இருக்கிறேன். ஐடி வேலை. நவம்பரில் இருந்து கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களில் அண்டர்டாக் அணிகள் (தோற்கும் என்று எதிர்பார்க்கப்படும் அணிகள்) மீது மட்டும், ஸ்ப்ரெட்டில் (பலவீனமான அணிக்குச் சலுகைப் புள்ளி சேர்த்துக் கணக்கிடும் பந்தயத்தில்), ஆட்டத்துக்கு 110 டாலர் கட்டி வருகிறேன். 60 ஆட்டங்களில் 34 வென்றேன். 540 டாலர் லாபம். டியூக், கென்டக்கி போன்ற பெரிய பெயர்கள் மீது ஊரே பணம் கட்டுவதால் சின்ன அணிகளுக்கு எப்போதும் கூடுதலாகப் புள்ளி கிடைக்கிறது என்று நினைக்கிறேன். மார்ச் மாதத் தேசியக் கல்லூரிப் போட்டியில் ஆட்டத்துக்கு 550 டாலராக உயர்த்தி, 12 முதல் 15 வரை சீட் (தரவரிசை எண், எண் பெரிதானால் அணி பலவீனம்) பெற்ற எல்லா அணிகள் மீதும் மணிலைனிலும் (சலுகைப் புள்ளி இல்லாமல் நேரடி வெற்றி மீதும்) கட்டலாம் என்றிருக்கிறேன். வீட்டு முன்பணத்துக்குச் சேர்த்த 12,000 டாலர் கையில் இருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. கோவையில் இருக்கும் தம்பியும் தன் பங்குக்குப் பணம் அனுப்புவதாகச் சொல்கிறான். என் வழி சரியா? பந்தயச் செயலியில் பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் ஆட்டங்கள் ஏன் வருவதே இல்லை?

பதில்: முதலில் அந்த 12,000 டாலர். அதைத் தொடாதீர்கள். ஏன் என்பதற்கு அறிவுரை தேவையில்லை, கணக்கே போதும். அது கீழே வருகிறது.

உங்கள் 34-க்கு 26-ஐ எடுத்துக்கொள்வோம். 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்டுகிறீர்கள், அந்த வித்தியாசம்தான் நிறுவனத்தின் கமிஷன். நட்டமில்லாமல் நிற்கவே 52.38 சதவீதம் வெல்ல வேண்டும். நீங்கள் 56.7 சதவீதம் வென்றிருக்கிறீர்கள், பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 60 தடவை பூவா தலையா போட்டாலே 34 அல்லது அதற்கு மேல் தலை விழ சுமார் 18 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு அணியைத் தொட்டிருந்தால், அதில் 18 பேர் இன்று உங்கள் நிலையில் அல்லது உங்களைவிட மேலாக இருப்பார்கள். 200 பந்தயம் ஆன பிறகும், வெறும் பூவா தலையா ஆசாமிகளில் நாலில் ஒருவர் லாபத்தில்தான் இருப்பார். உங்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த 60 ஆட்டங்களைக் கொண்டு இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

உங்கள் கணிப்பில் பாதி உண்மை. பிரபலமான அணிகள் பக்கம் சாதாரண ரசிகர்களின் பணம் சாய்வது நிஜம். ஆனால் லைனை, அதாவது ஓர் அணிக்கு எத்தனை புள்ளி சலுகை என்ற எண்ணை, தீர்மானிப்பது அவர்கள் மட்டும் இல்லை. புள்ளி அதிகமாகத் தெரிந்த மறு நிமிடமே பெரிய தொகையோடு அண்டர்டாக் பக்கம் இறங்கும் தொழில்முறை ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டியதும் லைன் இறங்கிவிடும். அதனால்தான் எல்லா அண்டர்டாக் மீதும் கண்ணை மூடிக் கட்டினால் நீண்ட ஓட்டத்தில் பாதிக்குப் பாதிதான் தேறும், கமிஷன் மெதுவாகப் பணத்தைத் தின்னும். நீங்கள் வாங்குவது அணியை என்று நினைக்கிறீர்கள். உண்மையில் வாங்குவது ஓர் எண்ணை. அதே அணி +7.5-ல் (ஏழு புள்ளியில் தோற்றாலும் உங்களுக்கு வெற்றி) நல்ல சரக்கு, +6-ல் வீண் செலவு.

அந்த எண்ணின் மதிப்பை அளக்க முடியும். கல்லூரிக் கூடைப்பந்தில் ஸ்ப்ரெட்டுக்கும் உண்மையான முடிவுக்கும் உள்ள வித்தியாசத்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 11 புள்ளி. மூன்றில் இரண்டு ஆட்டங்கள் லைனில் இருந்து 11 புள்ளிக்குள் முடியும், மூன்றாவது அதையும் தாண்டிப் போகும். இதிலிருந்து ஒரு பயனுள்ள எண் கிடைக்கிறது. லைனுக்கு அருகே ஒவ்வொரு முழுப் புள்ளிக்கும் சுமார் 3.6 சதவீத வாய்ப்பு. ஆட்டம் தொடங்கும் நேரத்து லைனை, அதாவது கிளோசிங் லைனை, சரியான விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் +7.5 வாங்கினீர்கள், கிளோசிங் +7 என்றால் அரைப் புள்ளி லாபம். உங்கள் வெற்றி வாய்ப்பு 50-ல் இருந்து 51.8 ஆகிறது. இதுவும் 52.38-ஐத் தொடவில்லை. -110 விலையில் (100 வெல்ல 110 கட்டுவது) கமிஷனைத் தாண்ட, சராசரியாக ஆட்டத்துக்கு முக்கால் புள்ளிக்குச் சற்றுக் குறைவாகக் கிளோசிங் லைனை முந்த வேண்டும். -105 விலை கிடைக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு புள்ளி முந்தினாலே போதும். ஒரே செயலியோடு நிற்காமல் நாலைந்து செயலிகளில் லைனை ஒப்பிடச் சொல்வது இதற்குத்தான். விடியற்காலை வரை ஆட்டப் புள்ளிவிவரம் படிப்பதைவிட, ஐந்து நிமிடம் விலை விசாரிப்பது அதிகம் சம்பாதித்துத் தரும்.

கூடுதல் விலை கொடுத்து அரைப் புள்ளி வாங்கும் வசதியைச் செயலி முன்னால் நீட்டும். +7-ஐ +7.5 ஆக்க -110-க்குப் பதில் -120. வாங்காதீர்கள். சரியாக 7 புள்ளியில் ஆட்டம் முடிந்தால் பணம் திரும்பி வர வேண்டியது வெற்றியாக மாறும், அவ்வளவுதான். அந்த வாய்ப்பு 3.6 சதவீதம். திரும்பி வருவதற்கும் வெற்றிக்கும் இடையே பாதி வித்தியாசமே இருப்பதால் உங்களுக்குக் கிடைப்பது 1.8. விலையில் கொடுப்பதோ 2.2, நட்டமில்லாப் புள்ளி 52.38-ல் இருந்து 54.55-க்கு ஏறுகிறது. அமெரிக்கக் கால்பந்தில் 3, 7 என்று ஆட்டங்கள் குவிந்து முடியும் எண்கள் இருப்பதால் அங்கே அரைப் புள்ளிக்குத் தனி மதிப்பு உண்டு. கூடைப்பந்தில் அப்படிக் குவியும் எண் கிடையாது.

இப்போது மணிலைன். ஸ்ப்ரெட்டில் கிடைக்கும் அதே அணி, நேரடியாக வென்றால் 100-க்கு 250 தரும் என்றதும் கை துறுதுறுக்கும். 7 புள்ளி அண்டர்டாக் நேரடியாக வெல்லும் வாய்ப்பு, மேலே சொன்ன 11-ஐ வைத்துக் கணக்கிட்டால், சுமார் 26 சதவீதம். நியாயமான விலை +280 அருகே. செயலி +250 தந்தால் 100 டாலருக்குச் சராசரி நட்டம் 8 டாலர். ஸ்ப்ரெட்டில் அதே 100-க்கு நட்டம் நாலரை. புள்ளி வித்தியாசம் கூடக் கூட இந்த இடைவெளியும் கூடும். வெல்ல வாய்ப்பே குறைந்த பக்கத்தின் விலையில்தான் கமிஷன் அதிகமாக ஒளிந்திருக்கிறது. குதிரைப் பந்தயத்திலும் காலம் காலமாக இதே கதைதான். இரண்டு மூன்றைக் கோர்த்துப் பார்லே (எல்லாம் வென்றால்தான் பணம்) கட்டினால் கமிஷன் பெருகும். சாதாரண -110 பந்தயங்களில் இரண்டைக் கோர்த்தால் சுமார் 9 சதவீதம், மூன்றைக் கோர்த்தால் 13 சதவீதம்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைத் தெளிவாக்க வேண்டும், அனுபவசாலிகள்கூட இதில் சறுக்குகிறார்கள். "மெதுவாக ஆடும் அணி அண்டர்டாக்காக இருந்தால் நல்லது, பந்து கைமாறும் எண்ணிக்கை குறைந்தால் பலசாலியின் பலம் வெளிப்பட நேரமில்லை" என்பார்கள். கூற்று சரி, அதை வைத்துப் பந்தயம் கட்டுவதில்தான் தவறு. 30 வினாடி கடிகாரத்தை முழுக்க ஓட்டி, ஆட்டத்தை 60 தாக்குதலுக்குள் அடக்கும் அணி, 75 தாக்குதல் ஆடும் அணியைவிட அதிர்ச்சி வெற்றிக்கு அருகில் நிற்கிறது. ஆனால் அந்த மெதுவான வேகத்தைச் சேர்த்துத்தான் ஸ்ப்ரெட்டே போடப்படுகிறது. ஸ்ப்ரெட் ஏற்கெனவே +10 என்று எழுதியாகிவிட்டால், கணக்கு தலைகீழாகிறது. மொத்தப் புள்ளி 125 என்று எதிர்பார்க்கும் ஆட்டத்தில் சிதறல் (மேலே 11 என்று சொன்ன விலகல்) குறைவு, 160 எதிர்பார்க்கும் ஆட்டத்தில் அதிகம். சிதறலை 10 என்று வைத்தால் +10 அணி நேரடியாக வெல்ல 16 சதவீதம், 12 என்று வைத்தால் 20 சதவீதம். ஆக, எப்படியும் மணிலைன்தான் என்றால் மொத்தம் அதிகமுள்ள ஆட்டம். மாற்று லைனில் கூடுதல் புள்ளி வாங்குவதென்றால் மொத்தம் குறைந்த ஆட்டம். ஸ்ப்ரெட்டுக்கு மட்டும் இரண்டும் ஒன்றே.

மூன்று புள்ளி வீச்சையும் இதே கண்ணோடு பாருங்கள். 25 தடவை வெளியிலிருந்து வீசி 34 சதவீதம் போடும் அணி, சராசரியாக 8 அல்லது 9 போடும். அதில் இயல்பாகவே ஏறக்குறைய 7 புள்ளி ஊசலாட்டம் இருக்கிறது. 2024-ல் 14-ம் சீட் ஓக்லண்ட், கென்டக்கியை 80-76 என்று சாய்த்தபோது ஜாக் கோல்கி அடித்த 32 புள்ளிகளில் 30 மூன்று புள்ளி வீச்சில் வந்தவை, 20 முயற்சியில் 10. அப்படி ஒரு இரவு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஆனால் அப்படி ஒரு இரவு வர இடமுள்ள அணி எது என்பதைச் சொல்லலாம். உள்ளே புகுந்து இரண்டு இரண்டாகச் சேர்க்கும் அணிக்கு அந்த இடம் மிகக் குறைவு.

+7.5 வைத்திருப்பவர் எங்கே தோற்கிறார் என்று கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் பார்ப்போம். 67-62. ஐந்து புள்ளி பின்னால் இருக்கிறது உங்கள் அணி, நீங்கள் சௌகரியமாக இருக்கிறீர்கள். நேரம் இல்லாததால் உங்கள் அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறது. எதிரணி இரண்டு ஃப்ரீ த்ரோவும் போடுகிறது, 69-62. அவசரமாக வீசிய மூன்று புள்ளி தவறுகிறது, மறுபடி ஃபவுல், 71-62. எளிதான லேஅப் ஒன்றை எதிரணி தடுக்காமல் விடுகிறது, 71-64. மறுபடி ஃபவுல், 73-64. ஒன்பது புள்ளியில் பந்தயம் போயிற்று. ஆட்டம் ஐந்து புள்ளி ஆட்டமாகவே நடந்தது, ஆனால் விதி அதை ஒன்பதாக நீட்டியது. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் ஏழாவது ஃபவுலில் இருந்து ஒன்-அண்ட்-ஒன் (முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது), பத்தாவதில் இருந்து நேரடியாக இரண்டு என்பதால் இது வாரத்துக்கு வாரம் நடப்பது. அதனால் 4 முதல் 9 வரையிலான ஸ்ப்ரெட்டில் அண்டர்டாக் எடுக்கும் முன், ஃபேவரிட் அணியின் (வெல்லும் என்று எதிர்பார்க்கப்படும் அணியின்) ஃப்ரீ த்ரோ சதவீதத்தைப் பாருங்கள், அதிலும் கடைசி நேரத்தில் பந்தைக் கையில் வைத்திருக்கும் கார்டு ஆட்டக்காரர்களின் சதவீதத்தை. நாட்டின் சராசரி 70-ஐச் சற்றே தாண்டும். 66-ல் இருக்கும் அணியும் 78-ல் இருக்கும் அணியும் இந்த ஒரு நிமிடத்தில் வேறு வேறு. பெரிய ஸ்ப்ரெட்டில் இதற்கு நேர்மாறு நடக்கும். 22 புள்ளி முன்னிலை வந்ததும் பயிற்சியாளர் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிட்டு, வருடம் முழுக்க பெஞ்சில் இருந்த பையன்களை இறக்குவார், +18 எடுத்தவருக்குக் கடைசி மூன்று நிமிடத்தில் பிழைப்பு வரும்.

மார்ச் திட்டத்துக்கு வருவோம். 1985-ல் 64 அணி முறை வந்ததிலிருந்து 2025 வரை 15-ம் சீட் அணிகள் முதல் சுற்றில் 160 ஆட்டம் ஆடி 11-ல் வென்றன, 6.9 சதவீதம். 16-ம் சீட் இரண்டே தடவை. 2018-ல் யுஎம்பிசி, வர்ஜீனியாவை 74-54. 2023-ல் ஃபேர்லி டிக்கின்சன், பர்டூவை 63-58. எல்லா 15-ம் சீட் மீதும் கட்டி நட்டமில்லாமல் நிற்க சராசரி விலை +1355 வேண்டும். +1000-க்கு வாங்கினால் 100 டாலருக்குச் சராசரி 24 டாலர் போகும். 12-ம் சீட் நிலைமை மேல், மூன்றில் ஒன்றுக்குச் சற்று அதிகமாக வென்றிருக்கிறது. ஆனால் அது ஊரறிந்த செய்தி, குழந்தைகூட 5-ம் சீட்டை 12-ம் சீட் சாய்க்கும் என்று சொல்லும், விலையில் அது என்றைக்கோ ஏறிவிட்டது.

இன்னொன்று, பழைய கணக்கை வைத்து இன்றைய சின்ன அணியை எடை போடுவது வருடத்துக்கு வருடம் ஆபத்தாகிறது. 2021-ல் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது, கல்லூரி மாறியவுடன் உட்காராமல் ஆடவும் வழி பிறந்தது. 2025 ஜூலையில் இருந்து கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் பழுத்த கார்டு, மூன்றாம் வருடம் பெரிய கல்லூரிச் சட்டையில் நிற்கிறான். 2025 போட்டியில் கடைசி 16 அணிகளும் நான்கே பெரிய கான்ஃபரன்ஸ்களை (கல்லூரி லீக்குகளை) சேர்ந்தவை, அவற்றில் எஸ்இசி என்ற ஒன்றில் இருந்து மட்டும் ஏழு. கடைசி நான்கும் முதல் சீட் அணிகள், 2008-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. அதிர்ச்சி வெற்றி ஒழிந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை, 12-ம் சீட் மெக்னீஸ் அதே ஆண்டு கிளெம்சனை வென்றது. நாற்பது வருடச் சராசரியை அப்படியே தூக்கி இந்த வருட விலையோடு ஒப்பிட முடியாது என்பதே செய்தி.

பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் உங்கள் செயலியில் வராததற்குச் சட்டம்தான் காரணம். நியூஜெர்சிக் கல்லூரி அணிகள் எங்கே ஆடினாலும், வேறு எந்தக் கல்லூரி ஆட்டமும் நியூஜெர்சி மண்ணில் நடந்தாலும், மாநிலத்துக்குள் பந்தயம் கூடாது. 2025-ல் நியூவர்க்கில் நடந்த கிழக்கு மண்டல ஆட்டங்களுக்கும் அதே தடைதான். இதைத் தளர்த்தலாமா என்று 2021 நவம்பரில் மக்களிடம் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். 2022-ல் கென்டக்கியை 85-79 என்று கூடுதல் நேரத்தில் சாய்த்து கடைசி எட்டு வரை போன செயின்ட் பீட்டர்ஸ், ஜெர்சி சிட்டி. 2023-ல் அரிசோனாவைச் சாய்த்த பிரின்ஸ்டன், அதே வாரம் பர்டூவைச் சாய்த்த ஃபேர்லி டிக்கின்சன், மூன்றும் உங்கள் மாநிலம். அந்த மூன்று வெற்றிகளிலும் நியூஜெர்சியில் இருந்தபடி சட்டப்படி ஒரு டாலர்கூட கட்டியிருக்க முடியாது. இருப்பிடத்தை மறைக்கும் மென்பொருள் போட்டுத் தாண்டப் பார்க்காதீர்கள், கணக்கு முடங்கும்.

தம்பியின் பணத்தை வாங்கவே வாங்காதீர்கள். இன்னொருவருக்காக உங்கள் கணக்கில் பந்தயம் கட்டுவதை இங்குள்ள நிறுவனங்களின் விதி அனுமதிப்பதில்லை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடை செய்திருக்கிறது. அவருக்கு அங்கேயும் உங்களுக்கு இங்கேயும் சிக்கல் வரலாம்.

வரியை உங்கள் லாபக் கணக்கில் சேர்க்கவில்லை என்று தெரிகிறது. வருமானமாகக் காட்ட வேண்டியது வென்ற 3,400 டாலர் முழுவதும், மிச்சமான 540 மட்டும் இல்லை. தோற்ற 2,860-ஐக் கழிக்க வேண்டுமானால் கழிவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் நிலையான கழிவைத்தான் எடுக்கிறார்கள். அப்படி எடுப்பவர் 22 சதவீதப் படியில் இருந்து, இவ்வளவும் ஒரே வரி ஆண்டில் நடந்திருந்தால், மத்திய வரி மட்டும் 748 டாலர். 540 லாபத்துக்கு 748 வரி. பட்டியலிட்டாலும், 2026 வரி ஆண்டு முதல் தோற்றதில் 90 சதவீதம்தான் கழியும். 20,000 வென்று 20,000 தோற்றவர், கையில் ஒன்றும் மிஞ்சாத நிலையில் 2,000-க்கு வரி கட்டுவார். ஆண்டு முடிவதற்கு முன்பே வரி பார்ப்பவரிடம் ஒரு முறை உட்காருங்கள்.

இனி அந்த 12,000. உங்களுக்கு நிஜமாகவே திறமை இருக்கிறது, நீண்ட ஓட்டத்தில் 53 சதவீதம் வெல்வீர்கள் என்றே வைப்போம். இந்தத் தொழிலில் அது நல்ல எண். 100 பந்தயத்தில் 43 மட்டும் வெல்லும் துரதிர்ஷ்டம் அப்படிப்பட்டவர்களிலும் நூற்றுக்கு மூன்று பேருக்கு வரும். திறமை இல்லாமல் பாதிக்குப் பாதி வெல்பவராக இருந்தால் பத்தில் ஒருவருக்கு வரும். ஆட்டத்துக்கு 550 கட்டும்போது 43-க்கு 57 என்றால் நட்டம் 9,850 டாலர். ஒரே சீசனில், ஒரு தவறும் செய்யாமல், வீட்டு முன்பணம் கரையும். அண்டர்டாக் மணிலைனில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கொடூரம், 15 ஆட்டம் தொடர்ந்து தோற்பது அங்கே சாதாரணம்.

பந்தயத்துக்கென்று போனாலும் பரவாயில்லை என்ற தொகை ஒன்றைத் தனியாக வையுங்கள். அது 2,000 என்றால் ஒரு ஆட்டத்துக்கு 20 டாலர், அதாவது ஒரு சதவீதம். ஜெயித்தாலும் தோற்றாலும் அதே. 110 கட்ட வேண்டுமானால் அதற்கு மட்டும் 11,000 ஒதுக்கியிருக்க வேண்டும், உங்களிடம் அப்படிப்பட்ட பணம் இல்லை. செயலியின் அமைப்புகளில் வாராந்திர டெபாசிட் வரம்பு இருக்கிறது, இன்றே போடுங்கள். மனைவியிடம் இன்றிரவே சொல்லுங்கள், லாபத்தில் இருக்கும்போது சொல்வது தோற்ற பிறகு சொல்வதைவிட ஆயிரம் மடங்கு எளிது. முன்பணம் அவருடையதும்தானே. சொல்ல முடியாது என்று தோன்றினால், அல்லது தோற்றதை அன்றே மீட்கக் கை போனால், 1-800-426-2537 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.

பிறகு ஒரு விரிதாளைத் திறந்து அந்த 60 ஆட்டங்களையும் வரிசையாக எழுதுங்கள்: தேதி, நீங்கள் வாங்கிய புள்ளி, விலை, கிளோசிங் லைன். வெற்றி தோல்வியைக் கடைசிப் பத்தியில் வையுங்கள், அது இப்போதைக்கு முக்கியமில்லை. வாங்கிய புள்ளியில் இருந்து கிளோசிங்கைக் கழித்துச் சராசரி எடுங்கள். +0.7-க்கு மேல் வந்தால் உங்கள் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது, 20 டாலரிலேயே இன்னும் 200 ஆட்டம் தொடருங்கள். பூஜ்யத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் அந்த 540 டாலர் பூவா தலையா கொடுத்த பணம். சராசரி என்ன வந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.